ரிசெப்டர் உள்ளே போகவில்லை, போனது திரும்பவில்லை: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் செல் கல்ச்சர் செய்யும் ஆய்வகங்கள் சிறியவை. ஒரு ஹூட், ஒரு இன்குபேட்டர், ஒரு ஃப்ளூரசன்ஸ் மைக்ராஸ்கோப், அவ்வளவுதான். கான்ஃபோகல் (செல்லை அடுக்கடுக்காகப் படமெடுக்கும் மைக்ராஸ்கோப்) வேண்டுமென்றால் ஸ்லைடுப் பெட்டியைப் பையில் வைத்துக்கொண்டு பெங்களூருக்கு ரயில் ஏற வேண்டும். இந்த வசதிக்குள் எண்டோசைட்டோசிஸ் (செல் தன் சவ்வை உள்பக்கம் குழித்து வெளிப்பொருளை விழுங்குவது) புராஜெக்ட் எடுப்பவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். சவ்வின் மேல் நின்று பிடிக்கும் புரோட்டீன் ரிசெப்டர், அது பிடிக்கும் பொருள் லைகண்ட். பாடப்புத்தகத்தில் கிளாத்ரின் (இந்தப் புரோட்டீன் கூடு கட்டும் குழி), கேவியோலே (கொலஸ்ட்ரால் செறிந்த சிறு குழி), மேக்ரோபினோசைட்டோசிஸ் (பெரிய மடக்காகத் திரவத்தை விழுங்குவது) என்று தனித்தனிப் படமாகப் போட்டிருக்கும். பெஞ்சில் அப்படி எதுவும் தனித்தனியாக வருவதில்லை. கையில் இருப்பது ஓர் அறிகுறி. அதைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போக வேண்டும்.

அதற்கு முன்னால் ஒரு நிபந்தனை. நீங்கள் படிக்கும் ரிசெப்டர் எதுவாக இருந்தாலும், அதே நாளில், அதே பிளேட்டில், ஒரு வெல்லில் (பிளேட்டின் ஒரு கிண்ணத்தில்) ஃப்ளூரசன்ட் டிரான்ஸ்ஃபெரின் (இரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரோட்டீன்) ஓட வேண்டும். ஹீலா செல்லில் (ஆய்வகங்களில் வழக்கமாக வளர்க்கும் மனிதப் புற்றுநோய் செல்) 37 டிகிரியில் 5 நிமிடத்துக்குள் அது செல்லெங்கும் பொடிப்பொடிப் புள்ளிகளாகத் தெரிய வேண்டும். 15, 20 நிமிடத்தில் நியூக்ளியஸுக்குப் பக்கத்தில் ஒரு திரளாகச் சேர வேண்டும். கழுவிவிட்டு, லேபிள் இல்லாத டிரான்ஸ்ஃபெரினை அதிகமாகப் போட்டு வைத்தால் அரை மணி, முக்கால் மணி நேரத்தில் பெரும்பகுதி வெளியேறியிருக்க வேண்டும். இது ஒழுங்காக வந்தால் கோளாறு உங்கள் ரிசெப்டரிலோ லைகண்டிலோ இருக்கிறது. இதுவே வரவில்லை என்றால் கோளாறு பெஞ்சில் இருக்கிறது. இந்த ஒரு வெல் இல்லாத படத்தைக் கொண்டுவந்து 'என்ன தப்பு?' என்று கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது.

வழக்கமாகப் பயன்படுத்தும் மூன்று லைகண்டுகளுக்கும் உள்ளே போன பிறகு மூன்று விதமான கதி. கிருஷ்ணகிரி மண்டியில் இறங்கும் மாம்பழ கிரேட்டை வைத்துச் சொன்னால் சட்டென்று பிடிபடும். எல்.டி.எல். (இரத்தத்தில் கொலஸ்ட்ராலைச் சுமக்கும் துகள்) விஷயத்தில் பழம் கூழ் ஆலைக்குப் போகிறது, காலி கிரேட் தோட்டத்துக்குத் திரும்புகிறது. அதாவது எண்டோசோமின் (உள்ளே வந்த சரக்கைத் தரம்பிரிக்கும் குமிழியின்) அமிலத்தில் எல்.டி.எல். கழன்று, சரக்கைச் செரிக்கும் லைசோசோமுக்குப் போகும். ரிசெப்டர் மேலே திரும்பிவிடும், ஒரு சுற்றுக்குச் சுமார் 10 நிமிடம். ஈ.ஜி.எஃப். (செல்லை வளரத் தூண்டும் புரோட்டீன்) விஷயத்தில் கிரேட்டும் பழத்தோடு ஆலைக்குள் போய் அரைபட்டுவிடுகிறது. டிரான்ஸ்ஃபெரினில் பழமும் கிரேட்டும் சேர்ந்தே திரும்பும். இரும்பு மட்டும் உள்ளே இறங்கும். கீழே வரும் பாதிச் சிக்கல்கள், ஒரு லைகண்டின் கதியை இன்னொன்றிடம் எதிர்பார்ப்பதால் வருபவை.

ஒன்றுமே உள்ளே தெரியவில்லை

முதலில் மீடியத்தைப் பாருங்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த மீடியத்தில் லைகண்டைக் கலந்து ஊற்றிவிட்டு 5 நிமிடம் இன்குபேட்டரில் வைத்தால், அந்த 5 நிமிடமும் மீடியம் சூடாவதற்கே போய்விடும். இன்குபேட்டருக்குள் காற்று வழியாகச் சூடு ஏறுவது மெதுவாகத்தான். லைகண்ட் மீடியத்தை வாட்டர் பாத்தில் 37-க்குக் கொண்டுவந்து, பிளேட்டையும் வாட்டர் பாத்தில் மிதக்க விட்டுச் செய்தால் நேரக் கணக்கு உண்மையாக இருக்கும். வாட்டர் பாத் காட்டும் எண்ணை நம்பாமல் ஒரு தெர்மாமீட்டரைப் போட்டுப் பார்ப்பது நல்லது. மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையிலிருந்து கரண்ட் இல்லாத நாளில், வந்தவுடன் அவசரமாக ஆரம்பிக்காதீர்கள். இன்குபேட்டரின் வெப்பமும் கார்பன் டை ஆக்சைடும் நிலைப்பட்டு, செல்களும் தேற வேண்டும். முடிந்தால் சோதனையையே மறுநாளுக்குத் தள்ளுங்கள்.

அடுத்தது லைகண்ட். டிரான்ஸ்ஃபெரின் வாங்கும்போது இரும்பு ஏற்றியதா என்று பாருங்கள். இரும்பு இல்லாத வடிவம் வெளியே உள்ள நடுநிலை பி.எச்.-இல் ரிசெப்டரை ஏறக்குறைய பிடிப்பதே இல்லை. அளவு மி.லி.-க்கு 5 முதல் 25 மைக்ரோகிராம் போதும். சீரம் இல்லாத மீடியத்தில் அரை மணி நேரம் வைத்துவிட்டுத்தான் போட வேண்டும். அந்த மீடியத்தில் கொஞ்சம் ஆல்புமின் இருந்தால் பிளாஸ்டிக்கில் லைகண்ட் ஒட்டுவதும் குறையும்.

எல்.டி.எல். உள்ளே போகவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் வேறு. சாதாரண சீரத்தில் வளர்ந்த செல்லுக்கு ஏற்கெனவே வேண்டிய கொலஸ்ட்ரால் கிடைத்துவிடுகிறது, அது எல்.டி.எல். ரிசெப்டரைக் குறைத்தே வைத்திருக்கும். லிப்போபுரோட்டீன் நீக்கிய சீரத்தில் 24 முதல் 48 மணி நேரம் வைத்தால்தான் ரிசெப்டர் மேலே ஏறும். செல்லின் கொலஸ்ட்ரால் அளவே ரிசெப்டரின் அளவைக் கட்டுப்படுத்துகிறது என்பதைக் கண்டுபிடித்தவர்கள் மைக்கேல் பிரவுனும் ஜோசஃப் கோல்ட்ஸ்டைனும். 1985-இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்த ஆய்வு இதுதான். அந்த 48 மணி நேரத்தைத் தாண்டிக் குதித்துவிட்டு லைகண்ட் கம்பெனியைத் திட்டுவதில் பயனில்லை.

நம் மாவட்டத்தில் மட்டும் கேட்கும் ஒரு கேள்வியும் இருக்கிறது: 'தண்ணீரில் ஃப்ளூரைடு அதிகம், அதனால் இருக்குமோ?' தர்மபுரி, கிருஷ்ணகிரி போர் தண்ணீரில் ஃப்ளூரைடு உண்மைதான். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்ததுதான். ஆனால் கணக்குப் போடுங்கள். குடிநீருக்கு உச்சவரம்பாகச் சொல்லும் லிட்டருக்கு 1.5 மி.கி. என்பது சுமார் 80 மைக்ரோமோலார். பாஸ்ஃபட்டேஸைத் தடுக்க ஆய்வகத்தில் சோடியம் ஃப்ளூரைடு போடுவது பல மில்லிமோலாரில். அதுவும் போர் தண்ணீரில் யாரும் பஃபர் செய்வதில்லை. குறை சொல்ல வேண்டியது ஃப்ளூரைடை அல்ல, உப்புப் படிந்து மாதக்கணக்கில் சுத்தம் செய்யாத டிஸ்டில்லரை. கண்டக்டிவிட்டி மீட்டரை வைத்துப் பாருங்கள், தெரிந்துவிடும்.

மேலே ஒட்டுகிறது, உள்ளே போகவில்லை

இது முந்தையதிலிருந்து வேறான அறிகுறி. ஐஸில் லைகண்ட் போட்டால் செல் ஓரம் அழகாக ஒளிர்கிறது. 37-க்கு மாற்றியும் ஓரத்திலேயே நிற்கிறது. பக்கத்து வெல்லில் டிரான்ஸ்ஃபெரின் ஒழுங்காகப் போகிறது. அப்படியானால் உங்கள் ரிசெப்டரின் வாலைச் சந்தேகப்படுங்கள். சைட்டோபிளாசத்துக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் வாலில் உள்ள குறுகிய வரிசைகளை அடாப்டர் புரோட்டீன்கள் பிடித்தால்தான் கிளாத்ரின் குழிக்குள் ரிசெப்டர் சேரும். டைரோசினை வைத்து அமைந்த ஒரு வகை வரிசையையும், இரண்டு லூசின் அடுத்தடுத்து வரும் வரிசையையும் ஏ.பி.2 என்ற அடாப்டர் பிடிக்கும். எல்.டி.எல். ரிசெப்டரில் இருப்பது இன்னொரு வகை: அஸ்பராஜின், புரோலின், ஏதோ ஒன்று, டைரோசின் என்ற நான்கெழுத்து வரிசை. குடும்ப வழி அதிகக் கொலஸ்ட்ரால் நோய் உள்ள ஒருவருடைய செல்களில் எல்.டி.எல். ஒட்டும், ஆனால் உள்ளே போகாது. காரணம் 807-ஆம் இடத்து டைரோசின் சிஸ்டீனாக மாறியிருந்தது. ஒரே ஓர் அமினோ அமிலம். ஒட்டுவதும் உள்ளே போவதும் வெவ்வேறு படிகள் என்பதை அந்த ஒரு மாற்றம் காட்டிவிட்டது.

ஆகவே உங்கள் கன்ஸ்ட்ரக்டை (செல்லுக்குள் போட்ட ரிசெப்டர் ஜீன் துண்டை) ஒரு முறை சீக்வன்ஸ் செய்து வாலைப் படித்துப் பாருங்கள். வாலின் நுனியில் ஜி.எஃப்.பி. (பச்சையாக ஒளிரும் புரோட்டீன்) ஒட்டியிருந்தால், வெளிப்பக்கம் சிறிய டேக் (அடையாளத் துண்டு) வைத்த இன்னொரு கன்ஸ்ட்ரக்டோடு ஒப்பிடுங்கள். அதிகமாக எக்ஸ்பிரஸ் ஆன செல்களையும் தள்ளிவையுங்கள். குழிகளின் எண்ணிக்கைக்கு ஒரு வரம்பு உண்டு. பத்து மடங்கு ரிசெப்டரைக் கொட்டினால் அடாப்டர்கள் நிரம்பி மிச்சமெல்லாம் மேலேயே நிற்கும். ஏ431 என்ற புற்றுநோய் செல்லில் ஈ.ஜி.எஃப். ரிசெப்டர் செல்லுக்கு லட்சக்கணக்கில் அல்ல, பத்து லட்சத்தைத் தாண்டி இருக்கும். அதில் உள்ளே போகும் வேகத்தை அளந்துவிட்டு அதுதான் இயல்பு என்று எழுதக்கூடாது.

ஐஸில் வைத்த செல்லிலேயே உள்ளே புள்ளி தெரிகிறது

4 டிகிரியில் எதுவும் உள்ளே போகாது என்பதற்காகத்தான் ஐஸ். நம் ஊரில் அதிகம் வருவது இந்த அறிகுறிதான். புரோட்டோகால் எழுதியவர் குளிர் நாட்டில், ஏ.சி. அறையில் உட்கார்ந்து எழுதியிருப்பார். சித்திரை மாதத்தில் தர்மபுரியில் மதியம் ஏ.சி. இல்லாத அறை 35 டிகிரியைத் தாண்டும். ஐஸ் கட்டிகள் மேல் வைத்த 24 வெல் பிளேட்டின் அடிப்பக்கம் பல இடங்களில் ஐஸைத் தொடுவதே இல்லை, நடுவில் காற்று. மேலிருந்து சூடு, கீழே காற்று. வெல்லுக்குள் இருக்கும் மீடியம் 12, 15 டிகிரியில் இருந்தால் அது '4 டிகிரி' ஆகாது, மெதுவான எண்டோசைட்டோசிஸ் அதில் நடக்கும்.

செய்ய வேண்டியது சிக்கலானதல்ல. ஐஸை நன்றாக உடைத்துத் தண்ணீர் சேர்த்துக் கூழாக்குங்கள். அதன் மேல் ஒரு தடித்த அலுமினியத் தகட்டை அரை மணி நேரம் முன்பே வைத்து, தகட்டின் மேல் ஈரத்தோடு பிளேட்டை வையுங்கள். ஒரு காலி வெல்லில் அதே அளவு மீடியம் ஊற்றி அதற்குள் தெர்மாமீட்டர் முனையை வைத்துப் பாருங்கள். கழுவும் பஃபரையும் ஐஸிலேயே வையுங்கள். ஒருமுறை அறையில் வைத்த பஃபரால் கழுவினால் மொத்தக் குளிரும் போய்விடும். வெளியே வைத்து வேலை செய்யும்போது பைகார்பனேட் மீடியம் காரமாகி ஊதாப் பக்கம் போகும். 20 முதல் 25 மில்லிமோலார் ஹெப்பெஸ் (வெளியே வைத்தாலும் பி.எச்.-ஐ நிலையாக வைக்கும் பஃபர்) உள்ள மீடியத்துக்கு மாறிக்கொள்ளுங்கள்.

இதோடு சேர்ந்தது 'அறை வெப்பநிலை' என்ற வார்த்தை. 20 டிகிரிக்குக் கீழே சரக்கு ஆரம்ப எண்டோசோம் வரை போகும், ஆனால் லைசோசோமுக்குப் போவது நின்றுவிடும். இது பழைய, நம்பகமான முடிவு. வேண்டுமென்றே சரக்கைத் தேக்கி வைக்க இதைப் பயன்படுத்துவார்கள். ஓசூரில் மார்கழிக் காலையில் அறை 20 டிகிரிக்குக் கீழே இருக்கும். தர்மபுரியில் மே மாத மதியம் ஏறத்தாழ 37. ஒரே புரோட்டோகாலை இரண்டு இடத்திலும் 'அறை வெப்பநிலையில் 30 நிமிடம்' என்று செய்தால் ஓரிடத்தில் சரக்கு ஆரம்ப எண்டோசோமில் நிற்கும், இன்னோரிடத்தில் லைசோசோமுக்குப் போய்க்கொண்டிருக்கும். நோட்டில் எண்ணை எழுதுங்கள், வார்த்தையை எழுதாதீர்கள்.

குளிர் சரியாக இருந்தும் புள்ளி தெரிந்தால் இரண்டு சந்தேகம் மிச்சம். ஒன்று, செத்த செல். சவ்வு கிழிந்த செல்லுக்குள் எதுவும் போகும். செத்த செல்லை மட்டும் நிறமேற்றும் புரோப்பிடியம் அயோடைடு போட்டு, நிறமேறியதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். மற்றொன்று, நீங்கள் பார்ப்பது உள்பக்கமே அல்ல, செல்லின் மேல்தளம். சாதாரண ஃப்ளூரசன்ஸ் மைக்ராஸ்கோப்பில் இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். ஜி.பி.ஐ. நங்கூரம் (புரோட்டீனைச் சவ்வோடு பிணைக்கும் கொழுப்பு) உள்ள புரோட்டீன்களில் இன்னொரு பொறி உண்டு: ஃபார்மால்டிஹைடு போட்ட பிறகும் அவை சவ்வில் நகர்ந்துகொண்டே இருக்கும், அப்புறம் போடும் ஆன்டிபாடி அவற்றை இழுத்துக் கூட்டிப் புள்ளியாக்கிவிடும். சிறிதளவு குளூட்டரால்டிஹைடு சேர்த்து ஃபிக்ஸ் செய்தால் அடங்கும்.

ஆசிட் வாஷ் செய்தும் டிரான்ஸ்ஃபெரின் மேலேயே இருக்கிறது

ஈ.ஜி.எஃப்.-க்கு வேலை செய்த ஆசிட் வாஷ் (உள்ளே போகாமல் மேலே ஒட்டியிருப்பதை அமிலத்தால் கழற்றும் கழுவல்) டிரான்ஸ்ஃபெரினுக்கு வேலை செய்யாது. ஏன் என்று யோசித்தால் அதன் முழுச் சுற்றும் புரிந்துவிடும்.

ஈ.ஜி.எஃப். சவ்வின் மேல் ஒட்டியிருக்கும்போது 0.2 மோலார் அசிட்டிக் அமிலமும் 0.5 மோலார் உப்பும் கலந்த, பி.எச். 3-க்கும் கீழே உள்ள கரைசலை ஐஸில் 5 நிமிடம் வைத்தால் கழன்றுவிடும். டிரான்ஸ்ஃபெரினை அமிலத்தில் போட்டால் இரும்பு கழன்றுவிடும், ஆனால் இரும்பு இழந்த டிரான்ஸ்ஃபெரின் அமில பி.எச்.-இல் ரிசெப்டரை இறுகப் பிடித்துக்கொள்ளும். எண்டோசோமுக்குள் நடப்பதும் அதுதான்: பி.எச். 6-க்கு இறங்கியதும் இரும்பு போய்விடும், புரோட்டீன் ரிசெப்டரோடு ஒட்டிக்கொண்டே மேலே வரும், வெளியே நடுநிலை பி.எச்.-ஐத் தொட்டதும் விட்டுவிடும். ஆகவே இரண்டு படிகள் தேவை. முதலில் ஐஸில், பி.எச். 5 அளவில், இரும்பைப் பிடித்துக்கொள்ள 50 மைக்ரோமோலார் டெஸ்ஃபெர்ரியாக்ஸமின் கலந்த பஃபரில் சில நிமிடம். பிறகு பி.எச். 7.4 உள்ள குளிர்ந்த பஃபரில் கழுவல். இந்த இரண்டாவது கழுவலில்தான் டிரான்ஸ்ஃபெரின் கழலும். அதை விட்டுவிட்டு அமிலத்திலிருந்து நேராக ஃபிக்ஸேட்டிவுக்குப் போனால் முழுவதும் மேலேயே இருக்கும். செல் தாங்கும் என்று நினைத்து பி.எச்.-ஐ இன்னும் குறைத்தால் செல் உரிந்து வருமே தவிர டிரான்ஸ்ஃபெரின் வராது.

மேல்தளப் புரோட்டீனில் பயோட்டினை ஒட்டிப் பின்தொடரும் முறை செய்பவர்களுக்கு ஒரே ஒரு குறிப்பு: டிரிஸ் பஃபரில் லேபிள் செய்யாதீர்கள். அதன் அமீன் பயோட்டின் ரியேஜென்டைத் தின்றுவிடும். பி.பி.எஸ்.-இல் லேபிள் செய்து, கடைசியில் மிச்சத்தை அடக்க மட்டும் டிரிஸ் அல்லது கிளைசின்.

இன்ஹிபிட்டர் போட்டேன், பாதிதான் குறைந்தது. அல்லது எல்லாமே குறைந்தது

இங்கேதான் தீசிஸ்கள் தடுக்கி விழும். ஒரு மருந்து, ஒரு படம், 'ஆகவே இது கேவியோலே வழி' என்ற ஒரு வாக்கியம். அந்த வாக்கியத்தை எழுத ஒரு மருந்து போதாது.

பாதி குறைந்தால் முதலில் லைகண்டின் அளவைக் கேளுங்கள். ஈ.ஜி.எஃப். மி.லி.-க்கு 1, 2 நானோகிராம் இருந்தால் ரிசெப்டர் பெரும்பாலும் கிளாத்ரின் வழியாகத்தான் போகும். 20, 100 நானோகிராம் என்று ஏற்றினால் பல செல்களில் கிளாத்ரின் இல்லாத வழியும் திறக்கும். மருந்து வேலை செய்யவில்லை என்று நீங்கள் நினைக்கும் இடத்தில், செல் வேறு கதவைத் திறந்துகொண்டிருக்கும். அதே சோதனையைக் குறைந்த அளவிலும் அதிக அளவிலும் ஓட்டிப் பாருங்கள். பாதி என்பது குறைந்த அளவில் முழுதாக மாறினால் விடை கிடைத்துவிட்டது.

டைனசோர் (சவ்வுக் குழியின் கழுத்தைக் கத்தரிக்கும் டைனமின் என்ற புரோட்டீனைத் தடுக்கும் மருந்து) போட்டுக் குறையவில்லை என்றால் மீடியத்தில் சீரமோ ஆல்புமினோ இருக்கிறதா பாருங்கள். சீரம் புரோட்டீன்கள் அதைப் பிடித்துக்கொள்ளும். 80 மைக்ரோமோலாரில், சீரம் இல்லாமல் போட வேண்டும். ஆனால் டைனமின் தடைபட்டால் அது கிளாத்ரின் வழி என்று எழுத முடியாது. கேவியோலேயைக் கத்தரிப்பதும் டைனமின்தான். சூடு ஏறினால் செயலிழந்து விழும் ஷிபிரே என்ற வகைப் பழ ஈக்களில் டைனமின் கெட்டிருந்ததிலிருந்து இந்தப் புரோட்டீனின் வேலை தெரியவந்தது. ஆனால் டைனசோருக்கு டைனமினைத் தாண்டியும் விளைவு உண்டு. ஆக்டினையும் கொலஸ்ட்ராலையும் அது கலைக்கும்.

பிட்ஸ்டாப் 2 பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். கிளாத்ரினைக் குறி வைத்ததாகச் சொன்னாலும், கிளாத்ரின் இல்லாத வழியையும் நிறுத்துகிறது என்பது 2012-இலேயே வெளிவந்துவிட்டது. குளோர்புரோமசின் மலிவு, எளிதில் கிடைக்கும். ஆனால் வேலை செய்யும் அளவுக்கும் கொல்லும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறுகல், மி.லி.-க்கு 10 மைக்ரோகிராமில் ஒரு செல் லைன் நிற்கும், இன்னொன்று உருண்டு கழன்று வரும். 0.45 மோலார் சுக்ரோஸ் கிளாத்ரின் கூடுகளைக் கலைக்கும், ஆனால் செல்லைச் சுருக்கியும் விடும். கல்லூரி ஆய்வகத்துக்கு ஒரு முதல் சோதனையாகப் பரவாயில்லை.

எல்லாமே குறைந்தது என்பது பெரும்பாலும் மெத்தில் பீட்டா சைக்ளோடெக்ஸ்ட்ரின் கதை. 10 மில்லிமோலாரில் கொலஸ்ட்ராலை உருவினால் கேவியோலே தட்டையாவது உண்மை. கிளாத்ரின் குழிகள் மூடிக்கொள்ள முடியாமல் நிற்பதும் உண்மை. உங்கள் டிரான்ஸ்ஃபெரின் வெல்லிலும் குறைந்திருந்தால் கேவியோலே என்ற சொல்லை அழித்துவிடுங்கள். அளவைக் குறைத்து, டிரான்ஸ்ஃபெரின் பாதிக்கப்படாத இடத்தைக் கண்டுபிடித்து அங்கே மறுபடி பாருங்கள். அப்புறம் கொலஸ்ட்ராலைத் திரும்பக் கொடுத்தால் மீள்கிறதா என்றும் பாருங்கள்.

காலரா நஞ்சின் பி துண்டு கேவியோலே மார்க்கர் என்று பழைய கட்டுரைகளில் இருக்கும். அது ஜி.எம்.1 கொழுப்பைப் பிடிக்கும், ஜி.எம்.1 போகும் எல்லா வழியிலும் போகும். 'கேவியோசோம்' என்ற தனி உறுப்பைப் பற்றி எழுதிய பாடக்குறிப்புகளும் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அதை முன்வைத்த ஆய்வகமே 2010-இல், அதிகமாக எக்ஸ்பிரஸ் செய்த கேவியோலின் லைசோசோமுக்குப் போகும் வழியில் சேர்ந்த இடம்தான் அது என்று திருத்திக்கொண்டது. தேர்வில் எழுதினால் மார்க் வரலாம், தீசிஸில் எழுதினால் கேள்வி வரும்.

ஈ.ஐ.பி.ஏ. என்ற மருந்து போட்டுக் குறைந்தால் மேக்ரோபினோசைட்டோசிஸ் என்பதும் பாதிக் கதை. அது சவ்வுக்குக் கீழே பி.எச்.-ஐ இறக்கி வேலை செய்கிறது. அந்த அமிலம் வேறு பலவற்றையும் தொடும். 70 கிலோடால்டன் டெக்ஸ்ட்ரானை (திரவத்தோடு உள்ளே போகும் சர்க்கரைச் சங்கிலி) சேர்த்துப் போடுங்கள். உங்கள் சரக்கும் டெக்ஸ்ட்ரானும் ஒரே பெரிய குமிழியில், 0.2 மைக்ரோமீட்டருக்கு மேற்பட்டதில், ஒன்றாக இருந்தால்தான் பேச்சு. 10 கிலோடால்டன் டெக்ஸ்ட்ரான் எல்லாத் திரவ வழியிலும் போகும், அது தீர்ப்புச் சொல்லாது.

மேலே சொன்ன எதற்கும் மசியாத சரக்கும் உண்டு. ஜி.பி.ஐ. நங்கூரப் புரோட்டீன்கள் கிளாத்ரின், கேவியோலின், டைனமின் எதுவும் இல்லாமல், சி.டி.சி.42 என்ற புரோட்டீனை நம்பி ஒரு வழியில் போகின்றன. இதை 2002-இல் காட்டியது வெளிநாட்டு ஆய்வகம் அல்ல, நமக்குப் பக்கத்தில் பெங்களூரில் உள்ள என்.சி.பி.எஸ். (தேசிய உயிரியல் அறிவியல் மையம்) ஆய்வு நிறுவனத்தில் சத்யஜித் மேயரின் குழு.  இந்த வழியைப் படிக்க விரும்புகிறவர்கள் மின்னஞ்சல் எழுதித் தயங்காமல் கேளுங்கள். 2015-இல் வந்த எண்டோஃபிலின் வழியும் கிளாத்ரின் இல்லாத ஒன்று. பீட்டா-1 அட்ரினெர்ஜிக் ரிசெப்டர் அதில் போகும், சில வினாடி, நிமிடக் கணக்கில். 30 நிமிடத்தில் மட்டும் படம் எடுப்பவர் கண்ணில் அது படவே படாது.

என் பரிந்துரை இந்த வரிசை: குறைந்த லைகண்ட் அளவு, டிரான்ஸ்ஃபெரினும் டெக்ஸ்ட்ரானும் பக்கத்தில், மருந்தைக் கரைக்கும் டி.எம்.எஸ்.ஓ. மட்டும் போட்ட வெல், ஒரு மருந்து. அது சொன்னதை எஸ்.ஐ.ஆர்.என்.ஏ. (குறிப்பிட்ட ஒரு புரோட்டீனின் உற்பத்தியை நிறுத்தும் சிறு ஆர்.என்.ஏ.) வைத்துச் சரிபார்த்தல். கிளாத்ரின் ஹெவி செயின் நீண்ட ஆயுள் உள்ள புரோட்டீன். 24 மணி நேரத்தில் குறையாது, 72 மணி நேரம் வைத்து வெஸ்டர்ன் பிளாட்டில் (புரோட்டீன் அளவைப் பட்டையாகக் காட்டும் சோதனை) பட்டை குறைந்ததைப் பார்த்த பிறகே லைகண்ட் போடுங்கள்.

திரும்ப வேண்டியது லைசோசோமில் கிடக்கிறது

ஆன்டிபாடியை வைத்து ரிசெப்டரைப் பின்தொடர்கிறீர்களா? ஆன்டிபாடிக்கு இரண்டு கை. இரண்டு ரிசெப்டரைச் சேர்த்துப் பிடிக்கும். அதன் மேல் இரண்டாம் ஆன்டிபாடியை உயிருள்ள செல்லிலேயே போட்டால் பெரிய கொத்தாகிவிடும். கொத்தாகக் கட்டப்பட்ட டிரான்ஸ்ஃபெரின் ரிசெப்டர் கூட வழி மாறி லைசோசோமுக்குப் போய்விடும். ஒரு கை மட்டும் உள்ள ஃபேப் துண்டுக்கு மாறுங்கள். வாங்கப் பணமில்லை என்றால் பப்பேன் வைத்து வெட்டிக்கொள்ளும் முறை எளிதுதான்.

அடுத்தது டேக். பீட்டா-2 அட்ரினெர்ஜிக் ரிசெப்டரின் வால் நுனியில் உள்ள நான்கு அமினோ அமிலங்கள்தான் அதைத் திரும்பும் வழியில் சேர்க்கின்றன. அந்த நுனி திறந்திருக்க வேண்டும். அங்கே எதையாவது ஒட்டினால் உள்ளே போகும், திரும்பாது. 'உள்ளே போவது சரியாக இருக்கிறதே' என்று டேக்கை விடுதலை செய்துவிடாதீர்கள். போவதற்கும் திரும்புவதற்கும் வெவ்வேறு வரிசைகள்.

திரும்புவதை அளக்கும்போது லேபிள் இல்லாத லைகண்டை மறந்துவிட்டால், வெளியே வந்த ஃப்ளூரசன்ட் டிரான்ஸ்ஃபெரின் இரும்பைப் பிடித்துக்கொண்டு மறுபடி உள்ளே போய்விடலாம். திரும்பவில்லை என்று தோன்றும்.

அழிய வேண்டியது அழியவில்லை

ஹீலா செல்லில் மி.லி.-க்கு 100 நானோகிராம் ஈ.ஜி.எஃப். போட்டால் 2, 3 மணி நேரத்தில் ரிசெப்டர் பட்டை நன்றாக மங்க வேண்டும். மங்கவில்லை என்றால் சைக்ளோஹெக்ஸிமைடு (புதுப் புரோட்டீன் உற்பத்தியை நிறுத்தும் மருந்து) போட்டீர்களா? செல் புது ரிசெப்டரைச் செய்துகொண்டே இருந்தால் அழிவது கண்ணுக்குத் தெரியாது. லைகண்ட் டப்பாவையும் பாருங்கள்: அது அதே ரிசெப்டரைப் பிடிக்கும் டி.ஜி.எஃப். ஆல்ஃபாவாக இருந்தால் பி.எச். 6-க்குப் பக்கத்தில் ரிசெப்டரை விட்டுவிடும், ரிசெப்டர் தப்பித்து மேலே போய்விடும். ஈ.ஜி.எஃப். எண்டோசோமிலும் பிடியை விடாது, சி.பி.எல். என்ற என்சைம் ரிசெப்டரில் யுபிக்விட்டின் என்ற முத்திரையைப் போட்டுக்கொண்டே இருக்கும், எஸ்கார்ட் என்ற புரோட்டீன் தொகுதி அதைப் பார்த்துக் குமிழிக்குள் குமிழியாகத் தள்ளும். அதனால் எம்.ஜி.132 போன்ற புரோட்டியசோம் மருந்து போட்ட செல்லில் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். செல்லில் சும்மா இருக்கும் யுபிக்விட்டின் தீர்ந்து, தரம்பிரிப்பே மந்தமாகிவிடும்.

நிஜமாகவே லைசோசோமில் அழிகிறதா என்பதற்கு ஒரு வெல்லில் 100 நானோமோலார் பஃபிலோமைசின் (லைசோசோம் அமிலமாவதைத் தடுக்கும் மருந்து). பட்டை திரும்பி வந்தால் ஆம்.

லைசோசோமுக்குப் போனதும் பச்சை மங்குகிறது

அழிந்ததாக எழுதிவிடாதீர்கள். ஃப்ளூரசீன் அமிலத்தில் ஒளி குறையும்; அதன் பி.கே.ஏ. (ஒளி ஏறக்குறைய பாதியாகும் பி.எச்.) 6.4 அளவு, லைசோசோம் 4.5 முதல் 5. ஜி.எஃப்.பி.-யும் அப்படியே. அலெக்சா 488 என்ற சாயம் அந்த எல்லையில் அசையாது. ஃபிக்ஸ் செய்து, சவ்வைத் துளைத்து, நடுநிலை பஃபரில் வைத்துப் பார்த்தால் ஒளி திரும்பிவிடும். அப்படித் திரும்பினால் சரக்கு இன்னும் அங்கேதான் இருக்கிறது.

பெரிய காலிக் குமிழிகள்

குளோரோகுயின், அம்மோனியம் குளோரைடு போட்ட செல்லில் இவை வரும், ஊதிப்போன லைசோசோம்கள். ஆரம்ப எண்டோசோம்களை ஒன்றுசேர்க்கும் ராப்5 புரோட்டீனின் எப்போதும் விழித்திருக்கும் வடிவத்தை எக்ஸ்பிரஸ் செய்தாலும் ராட்சச எண்டோசோம்கள் வரும். சாதாரண ராப்5-ஐ அதிகமாகக் கொட்டினாலும் ஓரளவு வரும். மார்க்கருக்காக டிரான்ஸ்ஃபெக்ட் செய்தவர்கள் கவனிக்க வேண்டும். எதுவுமே போடாத செல்லில் வந்தால் மைக்கோபிளாஸ்மா (கல்ச்சரில் தொற்றும் மிகச் சிறிய பாக்டீரியா) சோதனை செய்து, புனேயில் உள்ள என்.சி.சி.எஸ். செல் வங்கியிலிருந்து புது வயல் எடுங்கள்.

எல்லாம் எல்லாவற்றோடும் மஞ்சளாகத் தெரிகிறது

டிரான்ஸ்ஃபெரின், ராப்11 (திரும்பும் எண்டோசோமின் அடையாளம்), லாம்ப்1 (லைசோசோமின் அடையாளம்), ஈ.ஈ.ஏ.1 (ஆரம்ப எண்டோசோமின் அடையாளம்) நான்கும் நியூக்ளியஸ் பக்கத்தில் ஒன்றன் மேல் ஒன்றாக விழுந்தால், நீங்கள் 20 நிமிடத்துக்குப் பிறகு, தடித்த செல்லில், சாதாரண மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறீர்கள் என்று அர்த்தம். அந்த இடத்தில் கூட்டம் அதிகம், அவ்வளவுதான். பரந்து தட்டையான செல்லை எடுத்து, செல்லின் ஓரப் பகுதியில் எண்ணுங்கள். 2, 5, 10, 20, 40 நிமிடம் என்று தனித்தனியாக நிறுத்துங்கள். ஈ.ஈ.ஏ.1 உடனான பொருத்தம் ஏறி இறங்க வேண்டும், ஈ.ஜி.எஃப்.-க்கு லாம்ப்1 பொருத்தம் தாமதமாக ஏற வேண்டும். டிரான்ஸ்ஃபெரினுக்கு அது ஏறவே கூடாது. ஏறினால் மேலே ஆன்டிபாடிப் பகுதிக்குத் திரும்பிப் போங்கள். ஒரு நிறம் மட்டும் போட்ட ஸ்லைடை இரண்டு ஃபில்டரிலும் பார்ப்பதும் கட்டாயம். பச்சை சிவப்புக்குள் கசிந்தால் மஞ்சள் இலவசமாகக் கிடைக்கும்.

பெங்களூரில் கான்ஃபோகல் நேரம் பதிவு செய்திருந்தால், மவுண்டிங் மீடியம் இறுக ஒரு முழு நாள் விட்டு, கவர்ஸ்லிப் ஓரத்தை நெயில் பாலிஷால் அடைத்து, படுக்கை வாட்டில் எடுத்துப் போங்கள். இறுகாத ஸ்லைடை நிமிர்த்திப் பையில் வைத்தால் ஓசூர் வருவதற்குள் கவர்ஸ்லிப் நகர்ந்து செல்கள் தேய்ந்துவிடும். கவர்ஸ்லிப் 1.5 எண் தடிமனா என்று வாங்கும்போதே பாருங்கள். கடையில் பெரும்பாலும் கொடுப்பது 1 எண், 63 எக்ஸ் எண்ணெய் லென்ஸில் அது புள்ளிகளை மங்கலாக்கும். ஒரு நிறம் மட்டும் போட்ட ஸ்லைடுகளையும் ஐஸில் நிறுத்திய ஸ்லைடையும் அதே பெட்டியில் வைக்க மறக்காதீர்கள். அங்கே லேசர் அளவை முதலில் அவற்றில்தான் அமைக்க வேண்டும், அப்புறம் கடைசி ஸ்லைடு வரை அதை மாற்றக்கூடாது.